பாட்டிலுக்கு முன் மளிகைக் கடை: ஆஃப்டர் ஷேவ் வாசனைகளை ஒப்பிடப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஆஃப்டர் ஷேவ் கேட்டால், கடைக்காரர் இரண்டு மூன்று பாட்டில்களை எடுத்து வைப்பார். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஒன்றைத் தள்ளி வைத்து மற்றதை வாங்கி வருவதுதான் வழக்கம். அந்த நொடியில் மூக்கில் ஏறியது பெரும்பாலும் ஆல்கஹால் நெடி. உண்மையான வாசனை அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு விதமாகவும் அரை மணி நேரத்தில் வேறு விதமாகவும் இருக்கும். அதை அறியாமல் வாங்கிய பாட்டில்தான் பல வீடுகளில் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

பழைய சலூன் பாணி ஆஃப்டர் ஷேவ்களை நிதானமாக ஒப்பிட்டு, தனக்குப் பிடித்ததைத் தானே கண்டுகொள்ள விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டு விமர்சனங்களில் லாவெண்டர், ஓக் மாஸ், டோங்கா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இவற்றை முகர்ந்து பார்க்காத ஒருவருக்கு அந்த வரிகளால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இவற்றுக்கு நெருங்கிய உறவுடைய பொருள்கள் கோட்டாறு கடைத்தெருவிலும் மலையோரத் தோட்டங்களிலும் தோவாளைப் பூச்சந்தையிலும் கிடைக்கின்றன. குமரி மாவட்டத்தில் இருப்பவர் முதலில் பாட்டிலைத் தேடக் கூடாது, மளிகைக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சலூன் மணம் என்று எதைச் சொல்கிறார்கள்?

நம் ஊர் சலூனில் படிகாரம், டெட்டால், குட்டிக்கூரா பவுடர், ஓல்ட் ஸ்பைஸ் எல்லாம் கலந்து ஒரு மணம் இருக்கும். ஐரோப்பிய, அமெரிக்க சலூன்களுக்கும் இப்படி ஒரு கூட்டு மணம் உண்டு. சவர சோப்பு, டால்கம் பவுடர், தலைக்குத் தேய்க்கும் டானிக், முகத்தில் தட்டும் லோஷன் எல்லாம் சேர்ந்தது அது. அந்த மணத்தின் முதுகெலும்பாக இருப்பது ஃபூஜேர் என்னும் வாசனைக் குடும்பம். 1882-இல் ஹூபிகாங் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக பால் பார்க்கே உருவாக்கிய ஃபூஜேர் ரோயால் இதன் தொடக்கம். கூமரின் என்னும் பொருளை வில்லியம் ஹென்றி பெர்கின் 1868-இல் ஆய்வகத்தில் செய்து காட்டியிருந்தார். அந்தச் செயற்கைக் கூமரினை பார்க்கே துணிந்து பயன்படுத்தினார். மேலே லாவெண்டர், அடியில் கூமரினும் ஓக் மாஸும் என்ற அந்தக் கட்டமைப்பு இன்றுவரை ஆண்களுக்கான வாசனைகளில் தொடர்கிறது.

இதைத் தவிர, கிராம்பும் பட்டையும் முன்னிற்கும் மசாலா வகை உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையை நம்பி நிற்கும் கொலோன் வகை உண்டு. மெந்தால் குளிர்ச்சிக்காகவே வாங்கப்படும் வகையும் உண்டு. தொடங்குபவருக்கு இந்த நான்கு போதும்.

முதல் படி: மூக்குக்கு அரிச்சுவடி

கிராம்பிலிருந்து தொடங்குங்கள். குமரி மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. நல்ல கிராம்பாக ஒன்றை எடுத்து, தலைப்பகுதிக்குக் கீழே உள்ள காம்பில் நகத்தை அழுத்துங்கள். தரமான கிராம்பு என்றால் நகம் பதிந்த இடத்தில் எண்ணெய் மினுங்கும். உடனே முகர்ந்தால் மிளகைப் போன்ற காரம் தெரியும். ஒரு நிமிடம் விட்டு மீண்டும் முகர்ந்தால் காரம் தணிந்து ஓர் இனிப்பு எட்டிப் பார்க்கும். விரலில் ஒட்டியதை இன்னும் சற்று நேரம் கழித்து முகர்ந்தால் பல் மருத்துவமனை நினைவுக்கு வரும். அங்கே பற்குழி அடைக்கும் கலவையிலும் கிராம்பு எண்ணெயில் உள்ள இதே யூஜெனால் என்னும் பொருள்தான் சேர்கிறது. ஒரே பொருள் நேரம் செல்லச் செல்ல மூன்று விதமாக மணப்பதை இப்படிக் கையில் பார்த்துவிட்டால், ஆஃப்டர் ஷேவை ஏன் கடையில் நின்று முடிவு செய்யக் கூடாது என்பது விளங்கிவிடும்.

அடுத்து முழுக் கொத்தமல்லி. சமையலறையில் இருப்பதிலேயே நாலைந்து விதைகளை நசுக்கி முகருங்கள். குழம்பை மறந்துவிட்டு முகர வேண்டும், அதுதான் கடினம். எலுமிச்சையும் பூவும் கலந்ததுபோல ஒரு மென்மையான வாசனை தெரியும். அது லினலூல் என்னும் வாசனைப் பொருள். லாவெண்டர் எண்ணெயிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. லாவெண்டர் முழுவதும் இதுவல்ல என்றாலும், அதன் மேல்பகுதியை அடையாளம் காண இது போதும்.

கூமரினுக்கு வைக்கோல். நாஞ்சில்நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை முடிந்து மாசி, பங்குனி வெயிலில் வைக்கோல் காயும்போது ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். புழுதி வாடைக்கு அடியில் ஓர் இதமான இனிப்பு இருக்கும். கூமரின் அந்த இனிப்பின் பக்கத்து வீட்டுக்காரன். மழையில் நனைந்த பழைய வைக்கோல் உதவாது, அதில் பூஞ்சை நெடிதான் வரும்.

ஓக் மாஸ் என்பது ஐரோப்பாவில் ஓக் மரங்களில் வளரும் மரப்பாசி. நம் மளிகைக் கடையில் கறி மசாலாவுக்கு விற்கும் கல்பாசியும் அதே குடும்பத்தைச் சேர்ந்த உயிரிதான். இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் ஈர மரப்பட்டையும் மண்ணும் கலந்த அந்த இருண்ட வாசனை இரண்டுக்கும் பொது. பத்து ரூபாய்க்குக் கல்பாசி வாங்கி ஒரு சிறிய டப்பாவில் போட்டு மூடி, மறுநாள் திறந்து முகருங்கள். விமர்சகர்கள் எழுதும் 'பாசி வாசனை' என்னவென்று அன்றைக்கே பிடிபடும்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடலாம். சோம்பு, நார்த்தங்காய்த் தோல், துளசி, நீலகிரித் தைலம், தோவாளைப் பிச்சிப்பூ, குட்டிக்கூரா பவுடர். நார்த்தங்காய், எலுமிச்சைத் தோலை மட்டும் முகத்திலோ கையிலோ தேய்த்துப் பார்க்காதீர்கள். அந்தத் தோலில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் சருமத்தைக் கறுக்கச் செய்யும். காகிதத்தில் பிழிந்து முகருங்கள். பூச்சந்தைக்கு விடியற்காலையில் போவது நல்லது, ஆனால் பாட்டிலை அங்கே கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டாம்; அத்தனை பூவுக்கு நடுவில் எந்த லோஷனும் எடுபடாது.

இரண்டாம் படி: லேபிளைப் படியுங்கள்

பலரும் கவனிக்காத ஒரு வழி இது. ஒவ்வாமை தரக்கூடிய சில வாசனைப் பொருள்கள், தோலிலேயே தங்கும் தயாரிப்பில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. அதனால் இறக்குமதி பாட்டில்களின் பின்புறம் சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். யூஜெனால் என்று இருந்தால் கிராம்புப் பக்கம். லினலூலும் கூமரினும் சேர்ந்து இருந்தால் ஃபூஜேர் பக்கம் சாய வாய்ப்பு அதிகம். லிமோனீன், சிட்ரல் இரண்டும் எலுமிச்சை, ஆரஞ்சு வகையைக் காட்டும். எவர்னியா என்று தொடங்கும் பெயர் ஓக் மாஸ், மரப்பாசி வகை.

பழைய ஆஃப்டர் ஷேவ்கள் முன்பு போல் மணப்பதில்லை என்று வயதானவர்கள் சொல்வது வெறும் நினைவு மயக்கமும் அல்ல. ஓக் மாஸ் பலருக்கு ஒவ்வாமை தருவதால் அதன் அளவுக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. பல பழைய சேர்மானங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: காகிதம், தோல், கடிகாரம்

ஒரு நாளைக்கு இரண்டே வாசனை. அதற்கு மேல் மூக்கு ஏமாற்றும்.

வாசனையில்லாத கெட்டியான வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நுனியில் இரண்டு சொட்டு விட்டு, தாளில் பெயரை எழுதி, ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விடுங்கள். பிறகு முகருங்கள். தாள் முதல் அறிமுகத்துக்கு மட்டும்தான். தீர்ப்பு சொல்ல வேண்டியது தோல். இடது முன்கையின் உட்புறத்தில் ஒன்று, வலது முன்கையில் மற்றொன்று. தேய்க்க வேண்டாம், தட்டினால் போதும்.

ஐந்து நிமிடம், அரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மூன்று முறை முகர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதால் பயனில்லை. 'கிராம்பு குறைந்துவிட்டது, பவுடர் மட்டும் மிச்சம்' என்று எழுதுங்கள். ஆஃப்டர் ஷேவில் வாசனைப் பொருளின் அளவு சென்ட்டைவிட மிகக் குறைவு. ஆகவே இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் அது போலிச் சரக்கு என்று அர்த்தமில்லை. நான் அதிகம் மதிப்பது அரை மணி நேரக் குறிப்பைத்தான். சவரம் முடித்து, குளித்து, உடுத்திக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும்போது நம்மோடு வருவது அந்தக் கட்டத்து வாசனைதான்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் சன்னலையும் அடைத்துவிட வேண்டும். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் சோதிப்பது வீண் வேலை. மீன் கறி சாப்பிட்ட கையோடும் வேண்டாம். மூக்கு சலித்துவிட்டால் வெளியே போய் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு வாருங்கள். காபிக்கொட்டையை முகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான்காம் படி: ஜோடி ஜோடியாக

முதல் ஜோடி, ஓல்ட் ஸ்பைஸ் ஒரிஜினலும், பே ரம் என்னும் மசாலா வகை லோஷன் ஏதாவது ஒன்றும். ஓல்ட் ஸ்பைஸை அமெரிக்காவின் ஷுல்டன் நிறுவனம் 1937-இல் முதலில் பெண்களுக்காகத்தான் வெளியிட்டது. ஆண்களுக்கான தயாரிப்பு 1938-இல் வந்தது. பின்னாளில், 1990-இல், அது பிராக்டர் அண்ட் கேம்பிள் கைக்கு மாறியது. இந்தியாவில் விற்கும் கண்ணாடிப் பாட்டில் ஓல்ட் ஸ்பைஸைத் தேடி வாங்கும் வெளிநாட்டுச் சவர ஆர்வலர்கள் உண்டு. பழைய ஷுல்டன் வாசனைக்கு இது நெருக்கமானது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படிப்பட்ட ஒன்று நம் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதனால் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன்.

தட்டியவுடன் ஆரஞ்சுத் தோலும் ஆல்கஹாலும் வரும். அவை விலகியதும் கிராம்பும் பட்டையும் முன்னே வரும். முதல் படியில் நகத்தால் கீறிய கிராம்பை இங்கே கண்டுபிடியுங்கள். ஆனால் அது தனியாக இருக்காது. கார்னேஷன் பூவின் மணத்திலும் யூஜெனால் உண்டு என்பதால் மசாலா எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கும். அரை மணி நேரத்தில் வெனிலாவும் பவுடரும் தங்கும். எனக்கு இதில் பிடித்த கட்டம் அதுதான். முதல் நொடியில் 'நெடி' என்று தள்ளியவர்கள் இந்தக் கட்டத்தைச் சந்திப்பதே இல்லை.

பே ரம் மேற்கிந்தியத் தீவுகளின் சரக்கு. அங்கே வளரும் ஒரு மரத்தின் இலையை ரம்மோடு சேர்த்து வடித்து எடுத்தது. அந்த மரம், நம் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் சிலர் வளர்க்கும் சர்வசுகந்தி மரத்தின் நெருங்கிய உறவு. சர்வசுகந்தி இலை கிடைத்தால் கசக்கி முகருங்கள், பே ரம்மின் போக்கு புரிந்துவிடும். ஓல்ட் ஸ்பைஸில் இருக்கும் பூவும் வெனிலாவும் இதில் இல்லை. மசாலா வறண்டு, நேராக நிற்கும். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. கிராம்பு தோலில் எரிச்சல் தரக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது ஜோடி, புரூட்டும் பினோ கிளப்மேனும். வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் பச்சை நிறப் புரூட் பாட்டிலைப் பார்க்காத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. 1964-இல் ஃபாபெர்ஜே நிறுவனம் வெளியிட்டது. இது அப்பட்டமான ஃபூஜேர். தொடக்கத்தில் லாவெண்டரோடு சோம்பு தெரியும். பிறகு ஜெரேனியம் வரும், அதாவது ரோஜாவில் கொஞ்சம் புதினாவைச் சேர்த்த மாதிரி. கடைசியில் வைக்கோல் இனிப்பும் பாசியும் வெனிலாவும் தோலோடு ஒட்டும். நீங்கள் சேர்த்து வைத்த கொத்தமல்லி, சோம்பு, வைக்கோல், கல்பாசி நான்கையும் வரிசையாக வைத்துக்கொண்டு முகர வேண்டிய பாட்டில் இது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

கிளப்மேன் அமெரிக்க முடிதிருத்தகங்களின் அடையாளம். அதன் முதல் நிமிடம் கூர்மையான எலுமிச்சையும் லாவெண்டரும் கலந்தது. சிலருக்கு முகம் சுளிக்க வைக்கும். பொறுத்திருங்கள். பத்து நிமிடத்தில் அது முழுக்க முழுக்கப் பவுடராக மாறிவிடும். ஒரு கையில் கிளப்மேனும் மறு கையில் குட்டிக்கூராவும் போட்டு மாற்றி மாற்றி முகர்ந்தால், அமெரிக்க சலூனுக்கும் நம் ஊர் சலூனுக்கும் உள்ள ஒற்றுமை துலங்கும். இரண்டு மணி நேரம் நிற்பதில் புரூட் முந்தும். அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதில் கிளப்மேன் முந்தும்.

மெந்தால் வகையில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துப் புரோராசோவின் பச்சை வரிசையும் அமெரிக்காவின் அக்வா வெல்வாவும் பெயர் பெற்றவை. புரோராசோவில் நீலகிரித் தைல வாசனை தூக்கலாக இருப்பதால் நமக்குச் சளி மருந்து ஞாபகம் வரும். அந்த நினைப்பைத் தாண்ட முடிந்தால் சித்திரை வெயிலுக்கு அதைப்போல இதமானது வேறில்லை. குளிர்ச்சியை வாசனையோடு குழப்பிக்கொள்ளாமல், குளிர்ச்சி அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

கொலோன் வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்ட ஓடிக்கொலோன் பலருக்கும் தெரியும். 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா தொடங்கி வைத்த மரபு அது. அதோடு ஓல்ட் ஸ்பைஸ் ஃபிரெஷ் லைமை ஒப்பிடலாம். இரண்டுமே சீக்கிரம் மறையும்.

ஐந்தாம் படி: சலூனில்

கையில் பிடித்துப்போனதை முகத்தில் பார்க்கச் சிறந்த இடம் சலூன். ஆனால் வழக்கமான முறையில் கிரீம், படிகாரம், லோஷன், பவுடர் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"அண்ணாச்சி, இன்றைக்குப் பவுடர் வேண்டாம். லோஷன் நானே கொண்டுவந்திருக்கிறேன்."

"படிகாரம் போடலாம்தானே தம்பி?"

"போடுங்கள். நன்றாகக் கழுவி, துடைத்து, ஒரு நிமிடம் கழித்து இதைப் போடுங்கள்."

இவ்வளவுதான். சலூன் மேசையில் இருக்கும் லேபிள் உரிந்த பாட்டிலை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்; உள்ளே இருப்பது எதிலிருந்து ஊற்றி நிரப்பியது என்று சொல்ல முடியாது. எலுமிச்சை மணமுள்ள சவரக் கிரீம் என்றால் அதன் வாசனை காதோரத்தில் தங்கி ஒப்பீட்டைக் கெடுக்கும். அங்கே இன்னொரு கை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

எரிச்சல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது ஆல்கஹாலின் இயல்பு. அடங்காமல் சிவந்து தடித்தால் உடனே கழுவிவிட்டு அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். புதிய பாட்டில் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

பருவமும் பாட்டிலும்

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஒரே பாட்டில் ஆனியிலும் பங்குனியிலும் ஒரே மாதிரி மணக்காது. வெயில் காலத்தில் தொடக்க வாசனை சட்டென்று பறந்துவிடும், அடியில் உள்ள இனிப்பு வியர்வையோடு சேர்ந்து கனக்கும். புரூட், ஓல்ட் ஸ்பைஸ் இரண்டையும் அப்போது பாதி அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மழை நாட்களில் கிராம்பும் பாசியும் அழகாக எழும். ஆகவே மார்ச் மாதம் பிடிக்காத ஒன்றை ஜூலையில் மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்காமல் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

முதலில் எப்போதும் சிறிய பாட்டில். குளியலறைச் சன்னலில் வைக்காமல், வெயில் படாத அலமாரியில் இறுக மூடி வையுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கும் பூசை விளக்குக்கும் அருகில் வேண்டாம். வளைகுடாவில் இருக்கும் அண்ணனிடமோ மச்சானிடமோ கிளப்மேன், புரோராசோ போன்றவற்றை வாங்கி வரச் சொன்னால், பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்கும் முன்பே லேபிளைப் படித்துவிடலாம். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலை அனுமதிக்க மாட்டார்கள். பெரிய பாட்டில் என்றால் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.